பாட்டு நடந்துபோன மாலை

ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இதைப் படியுங்கள். காதில் மாட்டிக்கொண்டே படித்தால் நான் சொல்லப்போவது பிடிபடாது. டிஜிட்டல் கன்சோலில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதை என்னைவிட, சவுண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நன்றாகவே சொல்வீர்கள். அதற்கெல்லாம் இன்று வீடியோ இருக்கிறது, படம் போட்ட புத்தகம் இருக்கிறது. சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல் இருக்கும் விரல் எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பது மட்டும் எனக்கு ஒரு மாலையில் தெரியவந்தது. ஓய்வு பெற்ற மனிதன் கதை சொன்னால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். காஞ்சிபுரத்தில் சீனு என்ற கூட்டாளியோடு சவுண்ட் சர்வீஸ் நடத்திக்கொண்டிருந்தேன். சீனு என் வயதுக்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். இரண்டு பேரும் பழைய மிக்ஸரிலேயே காலம் தள்ளியவர்கள். அந்த மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி வரிசையில் குமிழ்கள் உண்டு. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் சரியான இடத்தில்தான் விழும்.

புது கன்சோல் வந்த அன்று அதைக் கடைக்குள் வைத்து இயக்கிப் பார்த்தோம். ஒரு பொத்தானை அழுத்தியதும் ஃபேடர்கள் எல்லாம் தாமாக எழுந்து, இறங்கி, தங்கள் இடத்தில் போய் நின்றன. யாரும் தொடவில்லை. சீனு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். நான் சிரித்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் ஏதோ ஆனது.

அந்தப் புது மேசையில் ஒரு சங்கடம் இருந்தது. இருப்பது ஒரே ஒரு வரிசை ஃபேடர்கள். ஒரு லேயரில் அவை மைக்குகளாக இருக்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அதே ஃபேடர்கள் வெளியே நிற்கும் ஸ்பீக்கர் பாக்ஸ்களாக மாறிவிடும். பாடகியின் குரலைக் குறைப்பதாக நினைத்துத் தெருக்கோடி பாக்ஸை அணைத்துவிடலாம். பாக்ஸைக் குறைப்பதாக நினைத்துப் பாடகியின் வாயை அடைத்துவிடலாம். அதனால் நானும் சீனுவும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஃபேடரைத் தொடுவதற்கு முன்னால் எந்த லேயரில் இருக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மைக் லேயர் என்றால் "ஆளு". பாக்ஸ் லேயர் என்றால் "தெரு". பார்ப்பவர்கள் நாங்கள் ஏதோ மந்திரம் ஜபிப்பதாகச் சொன்னார்கள். நீங்களும் ஏதாவது ஒரு மந்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதங்களில் எனக்கு வந்த கனவெல்லாம் ஃபேடர்கள்தான். ஏரிக்கரையில் நாணல் அசைவதுபோல் ஒரு வரிசையாக எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கும். நான் தொடப் போனால் எல்லாம் வேறு எதுவாகவோ மாறிவிடும். தூக்கத்தில் என் விரல்கள் போர்வைமேல் மேலும் கீழும் போவதாக என் மனைவி செல்வி சொல்வாள். "தூங்கிக்கினே இன்னாங்க தடவுறீங்க? பூனைக்குட்டியா?" என்று எழுப்பிவிடுவாள்.

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயில் உற்சவம். பெயர் வேண்டாம். சுவாமி வீதி வந்து மண்டபத்தில் இறங்கியிருப்பார், எதிரே மேடையில் கச்சேரி நடக்கும். தெருவின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. தெருவின் ஒரு முனையில் மண்டபமும் மேடையும். நடுவில் ஒரு பக்கமாகக் கோயில் குளம். மறுமுனையில் தேர் நிற்கும் இடம், நல்ல அகலமான வெளி. மேடைக்கும் குளத்துக்கும் இடையில் சாரம் கட்டி, அதன்மேல் எங்கள் கன்சோல். மேடையருகே இரண்டு பாக்ஸ், குளக்கரையில் ஒன்று, தேர்நிலையில் ஒன்று. பழைய மிக்ஸர் காலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வயர்தான். ஏற்றினால் எல்லாம் ஏறும், இறக்கினால் எல்லாம் இறங்கும். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஃபேடர் கிடைத்திருந்தது.

காலையில் சோதனை செய்யப் போனபோது தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகள் அரக்கு நிறத்தில், வெயிலில், தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் கிடந்தன. பக்கத்தில் யாரையும் விடமாட்டார்கள். ஆளில்லாத தெருவில்தான் சத்தம் பார்க்க வேண்டியிருந்தது. நான் மிருதங்க மைக்கைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த இழைகள் மொத்தமாக ஒருமுறை சிலிர்த்தன. சத்தத்தைக் கண்ணால் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்நிலை பாக்ஸ் தெள்ளத்தெளிவாகக் கேட்டது. தெருவில் ஜனம் நிறைந்தால் ஒலியை உடம்புகள் குடித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைச் சரிபார்க்க ஜனம் வந்தாக வேண்டுமே.

இன்னொன்றையும் காலையில் பார்த்தேன். குளத்தின் இரும்புக் கிராதியில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சில நாட்களில் தெப்பம் வருகிறது, பீப்பாய்களைத் தண்ணீரில் இறக்க அந்த வழி வேண்டும். கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் படிகள், அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர்.

எங்கள் ஊர்க் கமிட்டிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்வரிசை நாற்காலிகளில் கமிட்டிக்காரர்களும் உபயதாரர்களும் உட்காருவார்கள். சத்தம் போதாது என்றால் வலது கையைத் தூக்கி, அரிசி புடைப்பதுபோல் மேலே மேலே என்று காட்டுவார்கள். சவுண்டுக்காரன் தன் காதைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கைகளைப் பார்த்து வேலை செய்வான். முன்வரிசைக்குத் திருப்தி என்றால் கச்சேரி பிரமாதம். பின்னால் நிற்பவனுக்கு என்ன கேட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை. அன்றும் கைகள் எழுந்தன, நானும் முன்பக்கத்தை ஏற்றிக்கொண்டே போனேன்.

அந்தி சாய்ந்தது. மண்டபத்தில் விளக்குகள், மல்லிகை, துளசி, வியர்வை எல்லாம் கலந்த வாசனை. பாடகி மேடையில் மோகன ராகத்தை விரிக்க ஆரம்பித்தார். வார்த்தை இல்லை, தாளம் இல்லை, வெறும் குரல். எனக்கு அந்த வேலையில் பிடித்ததே இந்த நேரம்தான். குளத்தின் மேல் வௌவால்கள் வட்டமிட, குரல் தண்ணீரில் பட்டு மேலே வருவதுபோல் இருந்தது. நான் பாதிக் கனவில் இருந்தேன் என்றே சொல்லலாம்.

கைபேசி அதிர்ந்தது. தேர்நிலையிலிருந்து சீனு. பாட்டு ஆரம்பித்ததும் ஒருவர் தெரு முழுக்க நடந்து கேட்டுவர வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

"இங்க ஒண்ணுமே கேக்கலபா. ஜனம் பாட்டு கேக்க முன்னாடி தள்ளிக்கினு வருது. இன்னும் பஸ்ஸுல இருந்து எறங்கிக்கினே இருக்காங்க."

"எவ்ளோ தள்ளுறாங்க?"

"குளத்தாண்ட பாரு நீ. நான் சொல்றதவிட நீயே பாரு."

பார்த்தேன். குளக்கரையில் தெரு குறுகும். பின்னாலிருந்து வருகிறவர்கள் பாட்டைத் தேடி முன்னால் அழுத்துகிறார்கள். முன்னால் நாற்காலி வேலி, நகர இடமில்லை. அழுத்தம் முழுவதும் பக்கவாட்டில், கிராதி இல்லாத இடத்துக்குப் போகிறது. கயிறு வில்லாக வளைந்திருந்தது. கயிற்றோடு ஒட்டி, கடைசியில், மாம்பழ நிறச் சேலை ஒன்று தெரிந்தது. செல்வி. இடுப்பில் எங்கள் பெண் குழந்தை, தாயின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நிலைமை அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் நெருக்கம் சகஜம் என்று நினைத்திருப்பாள்.

குதித்து ஓடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனால் நான் கொடுக்கும் இடி எங்கே போய் முடியும்? அந்தக் கயிற்றில்தான்.

அதற்குள் ஒரு போலீஸ்காரர் சாரத்தில் ஏறி வந்துவிட்டார். அவரும் பார்த்திருக்கிறார்.

"யோவ், மைக்க குடு. எல்லாரையும் பின்னாடி போவச் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு போலீஸ் குரல் நாலு பாக்ஸிலும் இடித்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போது தோள் அசையும், முழங்கை அசையும், காலடி மாறும். ஓரத்தில் நிற்பவளுக்குக் காலடி மாற்ற இடமில்லை.

அறிவிப்பு மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே கன்சோலில் அதன் மியூட்டை அழுத்திவிட்டேன்.

"எல்லாரும் அமைதியா பின்னாடி போங்க! யாரும் தள்ளக் கூடாது!" என்று நரம்பு புடைக்கக் கத்தினார். மோகனம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னாயா இது, செத்துப் போச்சா?"

"ஒயர்ல ஏதோ கோளாறு சார். ரெண்டு நிமிஷம், பாத்துக் குடுக்குறேன்."

போலீஸிடம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் வயரை முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

ஜனம் நகர்வது எதைத் தேடி? பாட்டைத் தேடி. அப்படியானால் பாட்டைக் கொண்டுபோய் அவர்கள் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால்?

விரலை வைத்தேன். வைத்ததும் பயம் வந்தது, ஸ்கிரீனைப் பார்த்தேன். ஆமாம், மைக் லேயரில் இருந்தேன். அப்படியே இறக்கியிருந்தால் பாடகியின் குரல் எல்லா இடத்திலும் செத்திருக்கும், கூட்டம் கலைந்து புரண்டிருக்கும். பொத்தானை மாற்றினேன். ஃபேடர்கள் தாமாக எழுந்து தங்கள் புது இடத்தில் நின்றன. கனவில் வருவதுபோலவே.

"தெரு" என்று சொன்னேன். போலீஸ்காரர் "இன்னா?" என்றார்.

முதலில் தேர்நிலை பாக்ஸை ஏற்றினேன். பாக்ஸ் திறந்தது தெரியக்கூடாது, குரல் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருக்க வேண்டும். செல்வி வீட்டில் தறியில் அறுந்த இழைகளை நுனியோடு நுனி சேர்த்துப் புணைப்பாள். இரண்டு நுனிகளையும் விரலிடுக்கில் வைத்து உருட்டும்போது அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன்.

"வருதுபா," என்றான் சீனு. பிறகு, "நின்னுட்டாங்க. இங்க இருக்கறவங்க நின்னுட்டாங்க."

பின்னாலிருந்து வந்த அழுத்தம் நின்றது. ஆனால் நடுவில் நெருங்கியவர்கள் அப்படியே இறுகிப்போய் நின்றார்கள். அவர்களை இளக்க வேண்டும். குளக்கரை பாக்ஸையும் மேடையருகே இருந்த இரண்டையும் இறக்க ஆரம்பித்தேன். ஒரு மயிரிழை, நிறுத்தம். இன்னொரு மயிரிழை, நிறுத்தம்.

முன்வரிசையில் கைகள் எழுந்தன. மேலே, மேலே. நான் ஒரு கையால் கும்பிட்டேன், மறுகையால் இறக்கினேன். கைகள் வேகமாகின. கமிட்டி செயலாளர் எழுந்து சாரத்துக்குக் கீழே வந்து நின்று கொதித்தார்.

"ஏம்பா, காது அவிஞ்சி போச்சா? இங்க உபயதாரர் உக்காந்துக்கினு இருக்காரு. ஒண்ணும் கேக்கலன்றாரு. ஏத்துப்பா!"

"ஏத்துறேன்ணே. கொஞ்சம் பொறுங்க."

"அடுத்த வருஷம் உன்ன கூப்புட்டா கேளு!"

அவரிடம் விளக்கிச் சொல்ல ஒரு நொடி இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் திரும்பிக் குளத்தைப் பார்த்துக் கத்தியிருப்பார். திட்டு வாங்கிக்கொண்டே கை வேலை செய்தது. இந்தத் தொழிலில் அது ஒரு தனித் திறமை, உங்களுக்கும் வந்துவிடும்.

எனக்கு இருந்த பெரிய பயம் மேடையில் இருந்தது. தேர்நிலை பாக்ஸுக்கு டிலே வைத்திருப்போம், அதில் சத்தம் சற்றுத் தாமதித்தே வரும்; அது தொலைவில் வேறு இருக்கிறது. முன்பக்கம் அடங்கியதும் பாடகிக்குத் தன் குரல் தெருக்கோடியிலிருந்து தாமதமாகத் திரும்பி வந்து கேட்கும். எந்தப் பாடகரும் அதைப் பொறுக்கமாட்டார். பாட்டை நிறுத்திவிட்டு "என்னப்பா சவுண்ட் இது?" என்று மைக்கிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் எல்லாம் முடிந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். என் பக்கம் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினார். அது தெருக்கோடி வரை போய், குளத்தைத் தாண்டி, மெலிந்து திரும்பி வந்தது. அது வந்து சேரும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததைப் பாடினார். மறுபடியும் காத்திருந்தார். அந்த மாலையே வேகம் குறைந்துவிட்டது. விசிறியவர்களின் கைகள் மெதுவாயின. செயலாளர்கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

குளக்கரையில் ஒரு தலை பின்னால் திரும்பியது. பிறகு இன்னொன்று. பாட்டு இங்கே மங்கலாக இருக்கிறது, அங்கே தெளிவாக இருக்கிறது. யாரும் யாரையும் தள்ளவில்லை. கூட்டத்தின் பின்விளிம்பில் ஒருவர் இரண்டடி தேர்நிலைப் பக்கம் போனார். அவர் விட்ட இடத்தில் இன்னொருவர். பாத்திரத்தில் எண்ணெய் சரிவதுபோல் கூட்டம் சரிந்தது. கயிற்றின் வளைவு நேரானது. மாம்பழ நிறச் சேலை கயிற்றை விட்டது, ஒரு அடி உள்ளே வந்தது, நாலு பேருக்கு நடுவில் நடந்து, பூக்கடை விளக்குகளைத் தாண்டி, தேர்நிலை வெளிச்சத்தில் போய் நின்றது. அப்போதுதான் மூச்சை விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

போலீஸ்காரர் வயரைக் கீழே வைத்துவிட்டுக் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுவே கலைஞ்சிடுச்சிபா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய், ஆட்களை வைத்து அந்த இடத்தில் மூங்கில் கட்டச் செய்தார். மூங்கில் கட்டி முடித்த பிறகு முன்பக்கத்தைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். அதையும் மெதுவாகத்தான் ஏற்றினேன். முன்வரிசைக் கைகள் மடியில் இறங்கின.

கச்சேரி முடிந்து பாடகி காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "குரல் எங்கேயோ போயிட்டுத் திரும்பி வந்துதுப்பா. உன் மூஞ்சியப் பாத்தேன். ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். காரணம் என்ன என்று கேட்கவில்லை. கார்க் கதவை நானே சாத்தினேன். எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று யாராவது உண்டா என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே இது நினைவிருக்குமோ என்னவோ.

செயலாளர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த வருடம் எங்களைக் கூப்பிடவில்லை. முன்பக்கம் சவுண்ட் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதானே, முன்பக்கம் சரியில்லாமல்தான் இருந்தது. சீனு தெலுங்கும் தமிழும் கலந்து அவரை வைதான். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நல்ல பெயரையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும். இறக்கிவிடுங்கள், கை நடுங்காமல்.

ஜாமான்களை வண்டியில் ஏற்றும்போது செல்வி வந்தாள். குழந்தை இன்னும் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பாதம், சூடாக இருந்தது. விட மனம் வரவில்லை.

"இன்னிக்கு பாட்டு இன்னா அழகா இருந்திச்சி தெரியுமா?" என்றாள் செல்வி. "நாங்க குளத்தாண்ட நின்னுக்கினு இருந்தோம். பாட்டு அப்படியே நடந்து தேராண்ட போச்சி. நாங்களும் அது பின்னாலயே போய்ட்டோம்."

நான் அந்தப் பாதத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"ஆனா உங்களத்தான் பாத்துக்கினே இருந்தேன். சுத்தி அவ்ளோ பேரு கத்துறாங்க, போலீசு வேற பக்கத்துல நிக்கிறாரு. மேசை மேல உங்க ஒரு கை மட்டும் வெச்ச எடத்துல அப்படியே கெடக்குது, அசையவே இல்ல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உண்மைய சொல்லுங்க. மேல உக்காந்துக்கினு தூங்கிட்டீங்கதானே?"